தோலுக்கு இல்லாத தீட்டு!

மகா சிவராத்திரியை அடுத்து வரும் அமாவாசையன்று வேலூர்ப் பாலாற்றங்கரைக்குச் சென்று பாருங்கள், தோழர்களே! மயானக் கொள்ளைத் திருவிழா! காளி வேடம் புனைந்தவன் நாக்கை நீட்டி வருவான். அங்காளம்மன் வேடம் தரித்தவன் ஆடி வருவான். தேர் அசைந்து வரும். சுடுகாட்டிலே சுண்டலும் காய்கறியும் சில்லறைக் காசும் கூட்டத்தின்மீது வாரி இறைக்கப்படும். அத்தனைக்கும் முன்னே முழங்கிச் செல்பவை எவை? பம்பை, பறை, பேண்டு வாத்தியம்! அவை ஓய்ந்தால் ஆட்டம் ஓயும். ஆட்டம் ஓய்ந்தால் விழா வெறும் கூட்டம்.

கும்பிடுகிறவர் கும்பிடட்டும். அவர்களோடு வாதாட இன்று நான் வரவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: ஊர்வலத்தை நடத்திச் செல்கிற அந்தக் கைகளுக்கு ஊர் என்ன மரியாதை தந்தது?

குடியாத்தத்துக்கு வாருங்கள். வைகாசி முதல் நாள், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து கோபாலபுரம் வரைக்கும் அம்மனின் தலை ஊர்வலமாக வருகிறது. வழியெல்லாம் சிலம்பம், புலிவேடம், மேள முழக்கம். வந்து சேர்ந்த தலை எந்த உடலில் பொருத்தப்படுகிறது தெரியுமா? சண்டாளச்சி உடலில்! பரசுராமன் பெற்ற தாயின் தலையை வெட்டினானாம். மீண்டும் உயிர்ப்பித்தபோது தலை வேறு உடலில் ஒட்டிக்கொண்டதாம். புராணம் புனைந்தவன் எதை எண்ணிப் புனைந்தானோ, உண்மையை உளறிவிட்டான். தலை உயர்குலம், தாங்குகிற உடல் சேரி! தலைக்கு மாலை விழுகிறது. உடல் இல்லையென்றால் அந்தத் தலை எங்கே நிற்கும்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தோழர்களுக்குத் தோலைப் பற்றி நான் பாடம் நடத்தத் தேவையில்லை. சுண்ணாம்புத் தொட்டியிலே ஊறி, மயிர் நீங்கி, சதை வழித்து, பட்டைச் சாற்றிலோ குரோமிலோ பதம் பெற்று, செருப்பாகவும் சப்பாத்தாகவும் கடல் கடந்து போகிறது உங்கள் உழைப்பு. சீமையிலே சீமாட்டி காலில் ஏறும்போது அந்தத் தோலுக்குச் சாதி இல்லை. பணப்பையாகிப் பண்ணையார் மடியில் அமரும்போது அதற்குத் தீட்டு இல்லை. ஒரு காலத்தில் அதற்கும் தீட்டு இருந்தது. 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்கான காரணங்களில், புதிய தலைப்பாகையில் சேர்த்த தோல் குஞ்சமும் ஒன்று. தோலின் தீட்டு தொலைந்துவிட்டது. தொட்டவனின் தீட்டு மட்டும் தொலையவில்லை!

பறைக்கும் தோல்தான். ஆனால் அது பதனிடாத தோல். பதனிட்ட தோல் மெத்தென்று ஆகிவிடும், பேசாது. பதனிடாத தோல்தான் முழங்கும். மரச்சட்டத்தின்மீது புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, இழுத்துக் கட்டி, காயவைத்து, தீயில் காட்டி முறுக்கேற்றி, ஒரு கையில் நீண்ட சிண்டுக் குச்சியும் மறு கையில் கட்டையான அடிக்குச்சியும் ஏந்தி அடிக்கிறானே, அது கலையில்லாமல் வேறென்ன? தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்தது. புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் மேலான குடிகளை எண்ணும்போது பறையனையும் எண்ணினார். அன்று குடிப்பெருமை, பிற்காலத்தில் வசைச்சொல்! இடையில் புகுந்து இந்த வேலையைச் செய்தது எது என்று உங்களுக்குத் தெரியும்.

மிருதங்கம் மட்டும் மல்லிகைப் பூவால் செய்ததா? அதிலும் ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், எருமைத்தோல்! அதைச் செய்து கொடுக்கும் குடும்பங்களின் கதையை டி.எம்.கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்ற நூலாக எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு இடம் தர ஒப்பிய கலாக்ஷேத்ரா, பிறகு மறுத்துவிட்டது. தோலுக்கு மேடையில் இடம் உண்டு. தோலை இழுத்துக் கட்டிய கையைப் பற்றிய புத்தகத்துக்கு மண்டபத்தில் இடம் இல்லை!

அயல்நாட்டுக் கருவி என்ன பாவம் செய்தது என்று வாரி அணைத்தார்கள். பிடில் வந்தது, பாலுஸ்வாமி தீட்சிதர் கையில் ஏறிக் கச்சேரியில் அமர்ந்தது. கிளாரினெட் வந்தது, பட்டாளத்துப் பேண்டிலிருந்து இறங்கிச் சதிருக்குப் போயிற்று, சபாவுக்கும் போயிற்று. நல்லது, மகிழ்ச்சி! ஆனால் அதே கிளாரினெட்டை, அதே டிரம்பெட்டை, பொன்னிறப் பொத்தான் வைத்த சிவப்புச் சட்டையோடு தெருவில் ஊதுகிறானே பேண்டுக்காரன், அவனுக்கு? மாப்பிள்ளைக்கு முன்னால் நடக்கலாம்; மாப்பிள்ளையோடு பந்தியில் உட்காரலாமா? கேட்டுப் பாருங்கள்.

"பறையை வீசி எறி" என்று சொன்ன பெரியவர்கள் சேரிகளில் உண்டு. அவர்கள் சொன்னது முற்றிலும் நியாயம். சாவு வீட்டில் அடி, ஊருக்குச் சேதி சொல்லு, கூலி கேட்காதே, மிஞ்சியதைத் தின்று போ என்றால், மானமுள்ளவன் குச்சியை முறிக்கத்தான் செய்வான்! பெயரையே மாற்றக் கேட்டார்கள், எம்.சி.ராஜா சட்டமன்றத்தில் எழுப்பிய குரலை ஏற்று, 1922-இல் நீதிக்கட்சி ஆட்சி 'ஆதி திராவிடர்' என்ற பெயரை அரசு ஏடுகளில் ஏற்றியது. முறிய வேண்டியது கட்டாயம். அது முறிந்த இடத்தில் முழக்கம் எழட்டும்.

அவமானத்தைத் தொலைத்துக் கருவியைக் காத்தவர்கள் உலகில் உண்டா? உண்டு! டிரினிடாட் தீவிலே அடிமைத்தளை அறுத்த ஆப்பிரிக்க மக்கள் திருவிழா நாளில் முரசு கொட்டித் தெருவில் பாடி வந்தார்கள். 1880-களில் ஆங்கில அரசு முரசுக்குத் தடை போட்டது. மூங்கிலைத் தரையில் இடித்துத் தாளம் எழுப்பினார்கள். பின்னர் எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டி வளைத்து இசைக்கருவியாக்கினார்கள். 1992-இல் அந்தப் பீப்பாய் அந்த நாட்டின் தேசிய இசைக்கருவி ஆயிற்று! பக்கத்திலுள்ள கயானாவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாய்க் கப்பலேறிய தமிழர்கள் கொண்டுபோன தப்பு, அங்கே காளி பூசையில் அதே பெயரோடு இன்றும் ஒலிக்கிறது.

இங்கும் காற்று திரும்புகிறது. மதுரை மாவட்டத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒருவர் மார்பில் பதக்கம் ஏறியது பெருமை. மற்றவர் வயிற்றுக்கு என்ன வழி?

இதை நாம் கோயில் தர்மகர்த்தாவிடம் மட்டும் கேட்டால் போதாது, தோழர்களே. நம்மிடமும் கேட்போம்! நம் மாநாட்டுக்கும் பறை வருகிறது, பேண்டு வருகிறது. தலைவர் வரும்வரை வெயிலில் அடிக்கிறார்கள். தலைவர் மேடை ஏறியதும் அவர்களை ஓரம் போகச் சொல்கிறோம். பேசிய பணத்தில் பத்தைக் குறைக்கப் பார்க்கிறோம். பகுத்தறிவு பேசும் வாய்க்கு இது அழகா?

ஆகவே ஒவ்வொரு கிளையிலும் முடிவெடுங்கள். கூலியை முன்னதாகப் பேசுங்கள். பேசியதை அன்றே கொடுங்கள். சுவரொட்டியில் பேச்சாளர் பெயர் போல் குழுவின் பெயரையும் அச்சிடுங்கள். சாப்பாட்டில் அவர்களோடு அமருங்கள். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் அவர்களைப் பதிவு செய்ய உடன் செல்லுங்கள். எங்கேனும் "நீதான் அடிக்க வேண்டும்" என்று ஊர் மிரட்டினால், அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடுக்கிறது, 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தண்டிக்கிறது என்பதை எடுத்துச் சொல்லி, பாதிக்கப்பட்டவன் பக்கம் நில்லுங்கள்.

அடிக்க விரும்புகிறவன் எந்தச் சாதியில் பிறந்தாலும் அடிக்கட்டும். விரும்பாதவனை எவனும் அழைக்க வேண்டாம். அன்றைக்குப் பறை எழுப்பும் ஒலிதான் உண்மையான விழா முழக்கம்!