இலையில் விழுந்த அடையாளம்: நோயா, தழும்பா?

பிரெடெரிசியா நகரத்துக் குடிமனைகளின் யன்னற்படிகளில் ஓர்க்கிட் சாடிகள் இன்று சாதாரணக் காட்சி. விருந்துக்கு வரும் டேனிஷ் அயலவரின் அன்பளிப்பாக எம்மவர் இல்லங்களுக்குள்ளும் அவை வந்து சேர்ந்துள்ளன. பெரும்பாலும் அவை அந்துப்பூச்சியை ஒத்த மலருடைய 'ஃபலனொப்சிஸ்' இனத்தவை. சில மாதங்களில் இலையொன்றில் இனந்தெரியாத அடையாளம் தோன்றுகிறது. 'நோய் பிடித்துவிட்டது' என்ற தீர்ப்புடன் செடி குப்பைத் தொட்டியை அடைகிறது. அன்பளித்தவர் மறுமுறை வரும்போது யன்னற்படி வெறுமையாக இருக்கிறது. இத்தீர்ப்பு பல வேளைகளில் பிழையானது என்பதையே இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

செடியிடம் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். அடையாளம் இலையின் எப்பக்கத்தில் உள்ளது? உலர்ந்ததா, ஈரமானதா? பரவுகின்றதா, நின்றுவிட்டதா? உலர்ந்த அடையாளமாயின் அதன் விளிம்பைச் சுற்றிப் பேனையால் மெல்லக் கோடிட்டு ஒரு வாரம் பொறுத்திருங்கள். கோட்டைத் தாண்டாத அடையாளம் பெரும்பாலும் பழைய காயத்தின் தழும்பே.

இந்நாட்டில் மார்கழி மாதத்துப் பகல் ஏறத்தாழ ஏழு மணித்தியாலங்களே. அம்மங்கலுக்குப் பழகிய இலைமீது பங்குனி, சித்திரையில் தென்புற யன்னலூடாக நேர்வெயில் விழுந்தால் இலை வெந்துவிடும். யன்னலை நோக்கிய பக்கத்தில் மட்டும் வெளிறி, பின் பழுப்பாகி உலரும் திட்டு வெயிலின் வேலை. மெல்லிய திரைச்சீலையே அதற்கு மருந்து.

குளிரின் காயம் இதைவிட மயக்கந்தருவது. கடையிலிருந்து உறைபனிக் காற்றில் மூடாமற் கொண்டுவரப்பட்ட செடியின் இலை உள்ளே சிதைவுறும்; வெளியே குழிந்த திட்டுகள் தோன்றச் சில வாரங்கள் செல்லும். அதற்குள் பயணத்தை நாம் மறந்துவிடுகின்றோம்; புதிய நோயென எண்ணி மருந்து தெளிக்கின்றோம்.

ஈரமாக, நீர்க்கசிவுடன் நாளுக்கு நாள் விரியும் கபிலப் புள்ளியாயின் காத்திருத்தல் ஆகாது. அது பற்றீரியாவின் தாக்கம். இலைக் குருத்தில் இரவு முழுவதும் நீர் தேங்குவது அதற்கு வழிசெய்யும். சுத்தமான அலகினால், நலமான பகுதியும் சிறிது சேர வெட்டியகற்றி, செடியை உலர்வாக வைத்தல் வேண்டும். குருத்தில் நீர் ஊற்றாமல் காலையில் வேருக்கு மட்டும் ஊற்றுவது நல்ல காவல்.

நகத்தால் சுரண்டினால் கழன்றுவரும் கபிலக் குமிழ்கள் புள்ளிகளல்ல, செதிற்பூச்சிகள். இலையில் பிசுபிசுப்பும் இருக்கும். மதுசாரம் தோய்த்த பஞ்சினால் துடைத்து, வாரந்தோறும் மீண்டும் பார்க்கவேண்டும்.

எஞ்சியிருப்பது வைரசு. இங்கே இந்நகரின் வரலாறொன்றை நினைவுகூரலாம். மூன்றாம் பிரெடெரிக் மன்னன் 1650இல் நிறுவிய இக்கோட்டை நகருக்கு 1682இல் மத சுதந்திரம் வழங்கப்பட்டது. ஒடுக்குமுறையால் பிரான்சை விட்டகன்ற ஹியூகனோ சமூகத்தைச் சேர்ந்த குடும்பங்கள் 1720 அளவில் இங்கு குடியேறிப் புகையிலை பயிரிட்டன. யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்களை அறிந்த எமக்கு இது அந்நியமான செய்தியன்று. அப்புகையிலையின் தேமல் நோயை ஆராய்ந்தே 1898இல் ஒல்லாந்து அறிஞர் பெய்ஜெரிங்க், பற்றீரியாவிலும் வேறான தொற்றுப்பொருள் உண்டெனக் கூறி, அதற்கு வைரசு என்ற பெயரைப் பயன்படுத்தினார். ஓர்க்கிட்டைப் பரவலாகப் பீடிக்கும் வைரசுகளில் ஒன்று புகையிலைத் தேமல் வைரசின் நெருங்கிய உறவே.

புதிய இலைகளிலும் தொடர்ந்து தோன்றும் மஞ்சட் கோடுகள், கருகிய வளையங்கள், பூவிதழில் நிறச் சிதைவு என்பன வைரசை ஐயுற வைப்பவை. ஆய்வுகூடச் சோதனையே அதனை உறுதிப்படுத்தும். அதற்கு மருந்து இல்லை. அடையாளம் காட்டாமலே அது செடியில் உறைந்திருக்கவும் கூடும். செடியின் சாறு பட்ட கத்தி அதனை அடுத்த செடிக்குக் கடத்தும். மதுசாரத்தில் துடைத்தல் போதாது. செடிக்கொரு புதிய சவர அலகு என்பதே வீட்டுக்கு ஏற்ற விதி. உறவினருக்குக் கன்று பிரித்துக் கொடுப்போர் இதனை மறத்தலாகாது.

தழும்புற்ற இலை மீண்டும் பழைய பச்சைக்குத் திரும்பாது. ஆயினும் அதில் எஞ்சிய பச்சை செடிக்கு உணவு ஆக்குகின்றது. அழகுக்காக அதனை வெட்டாதீர்கள். செடியின் நலத்தை அறியக் குருத்தில் விரியும் புதிய இலையைப் பாருங்கள். அது மாசின்றி விரிந்தால் சாடியை யன்னற்படியிலேயே விட்டுவையுங்கள்.