கூடைக்கு ஒரு கை

முற்காலத்தில் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக உறவினர் அவற்றை நாட்டினர். தலைச்சுமையோடு வரும் வழிப்போக்கர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி இளைப்பாற அவை உதவின. முகமறியாத ஒருவரின் கழுத்துவலியை எண்ணிப் பார்த்த பண்பு அது!

நமது காத்திவாக்கம் இரயில் நிலையத்தில் சுமைதாங்கி இல்லை. மீன்கூடையைத் தலைக்கு ஏற்ற, அருகில் நிற்பவரின் கையே வேண்டும். "கொஞ்சம் கை கொடு, ராசா" என்பார் அந்த அம்மாள். கை கொடுப்போர் இன்றும் உளர். மீன்நீர் சட்டையில் சொட்டிவிடுமென விலகி நிற்போரும் உளர். சட்டையைத் துவைத்துக் கொள்ளலாமே!

தொழிற்சாலை வேலைக்காக வந்த வடமாநில இளைஞர்கள், கும்மிடிப்பூண்டி வண்டியில் இடமிருந்தும் வாயிலருகே நிற்பதைக் காண்கிறோம். சற்று நகர்ந்து அமர்ந்து, இடத்தைக் கையால் காட்டினால் போதும். அதற்கு இந்தி கற்க வேண்டியதில்லை. ஆனால் திருப்பலியில் சமாதானம் பகிரும் வேளையிலேயே நாம் தெரிந்த முகங்களைத்தானே தேடித் திரும்புகிறோம்!

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கிய வேளை, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் வெளியேறினர். 40க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அத்தகைய இரவில் நம் கதவைத் தட்டி எழுப்புகிறவர் உறவினராகவே இருப்பார் என்பது என்ன நிச்சயம்? நாள்தோறும் நடைமேடையில் பார்த்தும் பாராதவர்போல் நாம் கடந்து செல்லும் அந்த மனிதராகவும் இருக்கலாம் அன்றோ?