அப்பா ஓட்டிய விமானம் எங்கே?

ஆடி கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு வரும் பேருந்துகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பேருந்துக்குப் புது வண்ணம் பூசலாம். வேறு மாநிலத்துக்கு விற்றால் பதிவு எண்ணும் மாறிவிடும். ஆனால், தொழிற்சாலையில் அடிச்சட்டத்தில் பொறித்த எண் மட்டும் மாறாது. விமானத்துக்கும் அப்படி ஓர் எண் உண்டு.

விமானப்படையில் பணிபுரிந்த தந்தை ஓட்டிய விமானங்களுள் எவை மிஞ்சியுள்ளன என்று மகனோ மகளோ அறிய விரும்பினால், முதலில் எடுக்க வேண்டியது அவருடைய 'லாக் புக்'. நாள், விமானத்தின் வகை, அதன் எண், பறந்த நேரம் ஆகியவற்றை விமானி ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் அதில் எழுதுவார். அந்த எண்ணைக் கொண்டு படையின் பதிவேடுகளில் தேடினால் தொழிற்சாலை எண் கிடைக்கலாம். விமானம் நொறுங்கியதா, விற்கப்பட்டதா, காட்சிக்கூடத்தில் நிற்கிறதா என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும்.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றைப் பார்ப்போம். எம். கே. சந்திரசேகர் இந்திய விமானப்படையில் டகோட்டா விமானங்களை ஓட்டியவர். அவருடைய மகன் ராஜீவ் சந்திரசேகர் பழைய டகோட்டா ஒன்றை வாங்கி, இங்கிலாந்தில் பழுது நீக்கி, விமானப்படைக்கு அன்பளிப்பாக அளித்தார். 2018 ஏப்ரலில் அது பறந்தே இந்தியா வந்தது. அதன் பெயர் 'பரசுராமா'.

இத்தனை பழைய விமானம் எப்படிப் பறக்கிறது? ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் ஒடிந்துவிடும் அல்லவா? இன்றைய பயணி விமானங்கள் உயரே செல்லும்போது, உள்ளே காற்றழுத்தம் கூட்டப்படுவதால் உடற்பகுதி சற்றே விரிகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. இதனால் உலோகம் மெல்ல மெல்லக் களைப்படைகிறது. தாழ்வாகப் பறந்த டகோட்டாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் இறக்கையின் பளுவையும் பல சட்டங்கள் பகிர்ந்து சுமந்தன. பத்தாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டதால் உதிரி உறுப்புகளுக்கும் பஞ்சமில்லை.

பரசுராமாவின் வாலில் வி.பி. 905 என்ற எண் இருக்கிறது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் படைவீரர்களை இறக்கிய டகோட்டா ஒன்றின் எண் அது. அப்படியானால் இது அதே விமானமா? இல்லை. இது இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் விமானப்படைக்காகச் செய்யப்பட்டது. அப்போது அதன் எண் கே.என். 397. பிறகு அது ஜி-ஏஎம்எஸ்வி என்னும் பதிவு எழுத்துகளுடன் பிரிட்டனில் பறந்தது. வி.பி. 905 என்பது பழைய விமானத்தின் நினைவாக எழுதப்பட்ட எண்.

ஆகவே மாணவர்களே, ஒரே விமானம் பல எண்களைத் தாங்கலாம்; ஒரே எண் இரு விமானங்களில் இருக்கலாம். வண்ணத்தில் எழுதிய எண்ணை மட்டும் நம்பினால், தந்தை ஏறியிராத விமானத்தை அவருடையது என்று எண்ணிவிடுவோம். அவர் ஓட்டியதே எதிரில் நின்றாலும் அடையாளம் தெரியாமல் கடந்துபோவோம். காட்சிக்கூடத்தில் பழைய விமானம் ஒன்றைக் காண நேர்ந்தால், அதன் தொழிற்சாலை எண் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.