ரிசல்ட் பக்கம் திறக்கலையா? 404-க்கும் 503-க்கும் என்ன வித்தியாசம்?

பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலை. 2025-ல் அது மே 8. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை என எங்கே பார்த்தாலும் கையில் மொபைல். மார்க் தெரிய வேண்டிய இடத்தில் ‘503’ என்று வந்து நின்றால்? பதிவு எண் தப்பா, நெட் போச்சா என்று வீடே பதறும். பெரும்பாலும் இரண்டுமே இல்லை.

நாம் ஒரு பக்கத்தைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் சர்வர் மூன்று இலக்க எண் ஒன்றைப் பதிலோடு அனுப்பும். இதுதான் ஸ்டேட்டஸ் கோட். எல்லாம் சரி என்றால் 200. அது கண்ணில் படாது. நெட் இல்லாவிட்டால் இந்த எண்ணே வராது, பிரவுசர் வேறு மெசேஜ் காட்டும்.

முதல் இலக்கத்திலேயே பாதி விஷயம் இருக்கு. 4 என்றால் நாம் கேட்டதில் சிக்கல். 5 என்றால் சிக்கல் சர்வர் பக்கம்.

404 வந்தால் அந்த முகவரியில் பக்கம் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த லிங்க் பழசாக இருக்கலாம், ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கலாம். எத்தனை தடவை ரீஃப்ரெஷ் செய்தாலும் வராது, முகவரியைத்தான் சரிபார்க்கணும். 403 என்றால் பக்கம் இருக்கு, பார்க்க அனுமதி இல்லை.

503 கதையே வேறு. சாயங்காலம் இருட்டுக்கடை வாசலில் நிற்கும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். கடை திறந்திருக்கு, அல்வாவும் இருக்கு, ஆனால் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் கொடுக்க முடியாது. சர்வரும் ‘இப்போ முடியல, அப்புறம் வாங்க’ என்கிறது. இங்கேதான் பலரும் விடாமல் ரீஃப்ரெஷை அழுத்துகிறார்கள். ஒவ்வொரு அழுத்தலும் இன்னொரு புது ஆள் வந்து நிற்பது மாதிரி. கூட்டம் கூடுமே தவிர குறையாது. சில சர்வர்கள் 429 கொடுத்து, அதாவது ‘ரொம்ப தடவை கேட்டுட்டீங்க’ என்று, கொஞ்ச நேரம் நிறுத்தியே வைத்துவிடும். நாலைந்து நிமிஷம் விட்டுப் பார்ப்பதே நல்லது.

500 என்றால் சர்வருக்குள் புரோகிராம் ஏதோ உடைந்திருக்கு. 504 என்றால் பின்னால் இருக்கும் இன்னொரு சர்வர் நேரத்துக்குப் பதில் தரவில்லை. இரண்டிலும் நம் தவறு எதுவும் இல்லை.

3-ல் தொடங்குவது இடமாற்றம். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டியபோது பஸ்கள் தற்காலிகமாக வேறு இடத்தில் நின்றதே, அது 302. சங்கரன்கோவில் 2019-ல் தென்காசி மாவட்டத்துக்குப் போனது 301, நிரந்தரம். இதை பிரவுசரே பார்த்துக்கொள்ளும்.

ஒரு குழப்பம் மட்டும் உண்டு. பக்கம் நன்றாகத் திறந்து, ‘பதிவு எண் தவறு’ என்று வந்தால் சர்வர் கணக்கில் அதுவும் 200 ஆக இருக்கலாம். அப்போது ஹால் டிக்கெட்டை எடுத்து எண்ணையும் பிறந்த தேதியையும் மறுபடி பாருங்கள்.

503 வந்ததால் ரிசல்ட் தள்ளிப்போகவில்லை, மார்க்கும் மாறாது. டிஜிலாக்கரில் பார்க்கலாம். பள்ளியில் கொடுத்த மொபைல் எண்ணுக்கு எஸ்எம்எஸ் வரும். அதுவும் வரலைன்னா கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் உள்ள தேசிய தகவலியல் மையத்திலோ, பக்கத்து நூலகத்திலோ கட்டணமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.