நாண்மங்கலமும் மனைமங்கலமும்: பெரியாழ்வார் திருமொழியில் குழந்தையின் பிறந்தநாள்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் இலக்கண, இலக்கிய மரபில் பிறந்தநாள் என்பது பெரும்பாலும் வேந்தனுக்கு உரிய மங்கலமாகவே பேசப்பட்டுள்ளது. தொல்காப்பியம் சுட்டும் பெருமங்கலமும் புறப்பொருள் வெண்பாமாலை கூறும் நாண்மங்கலமும் இதற்குச் சான்றுகள். வீட்டில் வளரும் சிறு குழந்தையின் பிறந்தநாளைத் தாயின் கூற்றாகக் காட்டும் பழைய சான்றுகளுள் பெரியாழ்வார் திருமொழி குறிப்பிடத்தக்கது. இந்நூலின் இரண்டாம் பத்து நான்காம் திருமொழியையும் மூன்றாம் பத்து இரண்டாம், மூன்றாம் திருமொழிகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு, வேந்தனின் பிறந்தநாளுக்குரிய கூறுகள் மனைக்குள் எவ்வாறு வடிவம் பெறுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நாண்மங்கலம், பெருமங்கலம், பெரியாழ்வார், திருவோணம், நீராட்டு, பல்லாண்டு, பிள்ளைத்தமிழ்

முன்னுரை

குழந்தையின் பிறந்தநாளைக் குடும்பத்தார் கூடிக் கொண்டாடும் வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தமிழகத்திற்கு வந்தது என்ற கருத்து பரவலாக நிலவுகிறது. கேக் வெட்டுதல், மெழுகுவத்தி ஏற்றி அணைத்தல், ஆங்கிலத் தேதியைப் பிறந்தநாளாகக் கொள்ளுதல் ஆகியவற்றைப் பொறுத்தவரை இக்கருத்து பொருந்தும். ஆனால் பிறந்தநாள் என்னும் மங்கலத்தையே வந்தேறி வழக்காகக் கொள்வதற்கு இலக்கியச் சான்றுகள் இடந்தரவில்லை. பிறந்த விண்மீன் மீண்டும் வரும் நாளில் குழந்தையை நீராட்டி, அணிசெய்து, உணவு சமைத்து, வாழ்த்துப் பெறச்செய்யும் வழக்கத்தைப் பெரியாழ்வார் திருமொழி காட்டுகிறது. அவ்வழக்கத்தின் உட்பொருளை அறிய, முதலில் வேந்தனின் பிறந்தநாள் மரபை நோக்குதல் வேண்டும்.

1. வேந்தனின் பிறந்தநாள்

தொல்காப்பியப் புறத்திணையியல் பாடாண் திணையின் துறைகளுள் ஒன்றாகப் பிறந்தநாட் பெருமங்கலத்தைக் கூறுகிறது. அந்நாளில் வேந்தன் சினம் நீங்கியிருத்தல் அத்துறையின் இன்றியமையாத கூறாகும். சிறைப்பட்டோரை விடுவித்தல் முதலிய அருட்செயல்களை உரைமரபு இதனோடு இணைக்கும். வேந்தன் வெண்ணிற ஆடை உடுத்துவதால் அந்நாளுக்கு வெள்ளணி என்ற பெயரும் வழங்கியது. புறப்பொருள் வெண்பாமாலையின் பாடாண் படலம் இதனை நாண்மங்கலம் என்னும்.

இத்துறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள் புறத்திரட்டின் வழிக் கிடைத்த முத்தொள்ளாயிரப் பாடல்களில் உள்ளன. பாண்டியனின் உத்திராட நாளைப் பாடும் வெண்பா பகைவரை நோக்கிப் பேசுகிறது. அடைத்த கதவுகளைத் திறக்கலாம், களிறு, தேர், குதிரை ஆகியவற்றின் போர்க்கோலத்தைக் களையலாம், அன்று அவன் போர் செய்யான் என்பது அதன் கருத்து. சோழனின் இரேவதி நாளைப் பாடும் வெண்பாவில் அந்தணர் பசுவும் பொன்னும் பெறுகின்றனர். புலவர் களிறு ஊர்கின்றனர். சிலந்திகள் மட்டும் தம் கூட்டை இழந்தது எதனால் என்று புலவர் வினவுகிறார். அரசனின் பிறந்தநாளுக்காக ஊரார் தத்தம் வீடுகளைத் துப்புரவு செய்தனர் என்ற செய்தி அவ்வினாவில் மறைந்திருக்கிறது.

இவ்விரு வெண்பாக்களும் பிறந்தநாளின் இரு இயல்புகளைப் புலப்படுத்துகின்றன. பிறந்தநாள் கொண்டாடுபவர் அன்று தம் அன்றாடத் தொழிலிலிருந்து விலகியிருப்பார் என்பது ஒன்று. வேந்தனுக்குத் தொழில் போர். அந்நாளுக்காக வீடு ஆயத்தம் செய்யப்படும் என்பது மற்றொன்று. ஆயினும் வீட்டிலுள்ள எவருடைய பிறந்தநாளும் இவற்றில் பேசப்படவில்லை.

2. பிறப்பும் பிறந்தநாளும்

பெரியாழ்வார் திருமொழியின் முதல் திருமொழி கண்ணன் பிறந்த செய்தியைக் கேட்ட ஆயர்பாடியைக் காட்டுகிறது. எண்ணெயும் சுண்ணப்பொடியும் தூவி முற்றம் சேறாகிறது. ஆயர் ஓடுகின்றனர், விழுகின்றனர், ஆரவாரம் செய்கின்றனர். உறிகளை முற்றத்தில் உருட்டி, நெய்யும் பாலும் தயிரும் தூவி ஆடுகின்றனர். பன்னிரண்டாம் நாள் கொண்டாட்டமும் ஊரறிய நிகழ்கிறது. பிறப்பு ஊருக்குப் பொதுவான நிகழ்ச்சி. அதைக் காணும் குரலும் ஊரின் நடுவில் நின்று பேசுகிறது.

பிறந்த விண்மீன் மீண்டும் வரும் நாளைப் பற்றிய பாசுரங்களில் இந்நிலை மாறுகிறது. அங்கே பேசுபவள் யசோதை மட்டுமே, கேட்பவன் குழந்தை. பிறந்ததற்கு ஊர் மகிழ்கிறது. வளர்ந்து வருவதற்குத் தாய் மகிழ்கிறாள். இவ்வேறுபாடே பிறப்புவிழாவையும் பிறந்தநாள் விழாவையும் பிரித்துக் காட்டுகிறது.

3. விண்மீன் பற்றிய சிக்கல்

கண்ணன் பிறந்தது உரோகிணியில் என்பது புராண மரபு. பெரியாழ்வாரோ திருவோணம் என்கிறார். முதற்பத்து இரண்டாம் திருமொழியில் அத்தத்திலிருந்து பத்தாவது நாளில் தோன்றியவன் என்ற குறிப்பு வருகிறது. அத்தத்தை முதலாகக் கொண்டு முன்னோக்கி எண்ணினால் பத்தாவது திருவோணம். பின்னோக்கி எண்ணினால் பத்தாவது உரோகிணி. கஞ்சனுக்கு அஞ்சிப் பிறந்த விண்மீனை வெளிப்படக் கூறாமல் மறைத்த கூற்று இது என வைணவ உரைமரபு விளக்கும். திருவோணம் திருமாலுக்குரிய நாள் என்பது மதுரைக்காஞ்சியிலேயே பதிவாகியிருப்பதால், அந்நாளைக் கண்ணனுக்கு ஏற்றிக் கூறினார் எனக் கொள்ளவும் இடமுண்டு.

உரைமரபின் விளக்கம் பிறந்தநாள் வழக்கத்தைப் பற்றியும் ஒரு செய்தியை உணர்த்துகிறது. பிறந்த விண்மீனைப் பகைவர் அறிந்தால் குழந்தைக்குத் தீங்கு நேரும் என்ற அச்சம் அவ்விளக்கத்திற்கு அடிப்படை. வேந்தனின் பிறந்தநாள் பகைவருக்கும் அறிவிக்கப்படுகிறது; குழந்தையின் பிறந்தநாளோ பகைவரிடமிருந்து மறைக்கப்படுகிறது. ஒன்று வலிமையின் வெளிப்பாடு. மற்றொன்று மென்மையைக் காக்கும் முயற்சி.

விண்மீன் இருபத்தேழு நாளுக்கு ஒருமுறை வருவது. இப்பாசுரங்களில் திங்கள் குறிக்கப்படாமையால், இது திங்கள்தோறும் வரும் நாளா, ஆண்டுக்கு ஒருமுறை வரும் நாளா என்ற ஐயம் எழலாம். மூன்றாம் திருமொழியில் வரும் ஏழு நாள் கணக்கும் விரிவான முன்னேற்பாடும் ஆண்டுமங்கலம் என்பதற்கே மிகுதியும் பொருந்துகின்றன.

4. நீராட்டு: ஆயத்தமும் அழைப்பும்

இரண்டாம் பத்து நான்காம் திருமொழி கண்ணனை நீராட அழைக்கும் பாசுரங்களால் ஆனது. அதன் இரண்டாம் பாசுரம் அன்று அவன் பிறந்த திருவோணம் என்பதை வெளிப்படையாகக் கூறுகிறது. வெண்ணெயும் புழுதியும் படிந்த உடலோடு குழந்தை திரிகிறது. கன்றுகளின் காதில் கட்டெறும்பைப் பிடித்துவிடும் குறும்பும் செய்கிறது. தாய் அதனைப் பிடித்து நிறுத்த முயல்கிறாள்.

அவள் ஆயத்தம் செய்தவை பாசுரந்தோறும் பட்டியலாகின்றன. தேய்த்துக் குளிப்பாட்ட எண்ணெயும் புளிப்பழமும், நெல்லியிட்டுக் காய்ச்சிக் கடாரம் நிறைய வைத்த வெந்நீர், மஞ்சள், செங்கழுநீர் மாலை, சாந்து, கண்ணுக்கு மை ஆகியவை அவற்றுள் அடங்கும். உண்பதற்கு அப்பமும், பாலில் வெல்லம் கலந்து செய்த சிற்றுண்டியும் உள்ளன. தின்ன விரும்பினால் முதலில் நீராட வேண்டும் என்பது தாய் விதிக்கும் நிபந்தனை.

இப்பாசுரங்களின் வினையமைப்பு கருதத்தக்கது. ஆயத்தத்தைக் கூறும் வினைகள் 'வைத்தேன்' என்னும் தன்மை இறந்தகால முற்றாகத் திரும்பத்திரும்ப வருகின்றன. பின்வரும் ஒரு செயலுக்காக முன்கூட்டியே செய்து முடித்தலை 'வை' என்னும் துணைவினை உணர்த்தும். இதற்கு எதிராகக் குழந்தையை நோக்கிய வினை 'வாராய்' என்னும் ஏவலாக அமைகிறது. எல்லாம் ஆயத்தமாகிவிட்டன, கொண்டாட்டத்திற்கு உரியவன் மட்டும் வரவில்லை. குழந்தையின் பிறந்தநாளில் வீட்டார் அனைவரும் அறிந்த இந்நிலையை வினைமுற்றுகளே காட்டிவிடுகின்றன. நீராட்டு நிறைவேறியதைத் தாய் கூறுவதில்லை. திருமொழியின் இறுதிப் பாசுரத்தில் கவிஞரே அதனைக் கூறி முடிக்கிறார்.

ஒன்பதாம் பாசுரம் தாயின் உள்ளத்தை மேலும் திறந்து காட்டுகிறது. தொழுவில் புகுந்து புழுதி படிந்த அந்த உடலைக் காண அவளுக்கு மிகவும் விருப்பமே. ஆனால் காண்போர் பழிப்பர், நப்பின்னை கண்டால் சிரிப்பாள் என்கிறாள். அன்றாடக் குழந்தையைத் தாய் புழுதியோடே விரும்புகிறாள். பிறந்தநாள் குழந்தையைப் பிறர் பார்ப்பர் என்பதால் தூய்மை வேண்டப்படுகிறது. மனைக்குள் நிகழும் இம்மங்கலத்திலும் ஊரின் கண் முழுதும் விலகிவிடவில்லை.

5. கன்றின் பின் போகாத நாள்

மூன்றாம் பத்தில் கண்ணன் கன்று மேய்க்கும் சிறுவனாக வளர்ந்துவிடுகிறான். அப்பத்தின் இரண்டாம் திருமொழி, அவனைக் காட்டுக்கு அனுப்பிய தாயின் இரங்கலாகும். குடையும் செருப்பும் கொடுக்காமல், கூரிய பரற்கற்கள் நிறைந்த வெங்காட்டில் கால் நோகக் கன்றின் பின் அனுப்பிவிட்டேனே என்று தன்னையே கொடியவள் எனப் பழித்துக்கொள்கிறாள். அடுத்த திருமொழியில் அவன் வீடு திரும்புகிறான். அங்கேதான் பிறந்தநாள் மீண்டும் பேசப்படுகிறது.

திருவோணத்தை முன்னிட்டு இனிய மொழியுடைய மகளிரை அழைத்து, முளைப்பாலிகை இட்டு, பல்லாண்டு கூறச் செய்ததைத் தாய் தெரிவிக்கிறாள். அம்மங்கலத்திற்கெனக் கறியும் அரிசியும் சமைத்து வைத்திருக்கிறாள். விழாவைக் குறிக்க இங்கு ஆளப்படும் 'கண்ணாலம்' என்ற சொல் திருமணத்தைக் குறியாமல் பொதுவாக மங்கல நிகழ்வைக் குறிக்கிறது. இறுதியில் அவள் வேண்டுவது ஒன்றே: நாளை முதல் கன்றின் பின் போகாமல், அணிசெய்துகொண்டு வீட்டில் இருக்க வேண்டும்.

முந்தைய திருமொழியின் இரங்கலோடு சேர்த்துப் படிக்கும்போதே இவ்வேண்டுகோளின் ஆழம் புலனாகும். குடும்பத் தொழிலுக்காகக் குழந்தையை வெயிலுக்கு அனுப்பிய தாய்க்கு, அவனை வீட்டில் நிறுத்திக்கொள்ளப் பிறந்தநாள் ஓர் உரிமையைத் தருகிறது. பாண்டியன் தன் உத்திராட நாளில் போரை விலக்குவதும் கண்ணன் தன் திருவோணத்தை ஒட்டிக் கன்று மேய்ப்பதை விலக்குவதும் அமைப்பால் ஒத்தவை. வேந்தன் தானே விலகுகிறான். குழந்தைக்காகத் தாய் அவ்விலக்கைக் கேட்டுப் பெற முயல்கிறாள்.

பல்லாண்டு கூறுதலும் கருதத்தக்கது. இறைவனுக்கே பல்லாண்டு பாடியவர் பெரியாழ்வார். அவ்வாழ்த்து இங்கு அண்டைவீட்டு மகளிரின் வாயில் வைக்கப்படுகிறது. அக்குழந்தை காக்கும் கடவுள் என்பதை அறிந்தும் அதற்கு நீண்ட வாழ்நாள் வேண்டும் தாயன்பே இரு இடங்களிலும் பேசுகிறது.

6. பாகவதத்தோடு ஓர் ஒப்பீடு

பாகவத புராணத்தின் பத்தாம் கந்தத்திலும் இதனையொத்த காட்சி உண்டு. புழுதி படிந்த கண்ணனை நீராட வருமாறு யசோதை அழைக்கிறாள். அன்று அவன் பிறந்த விண்மீன் என்பதை நினைவூட்டுகிறாள். தூய்மையுற்று அந்தணர்க்குப் பசுக்களைத் தானம் செய்யச் சொல்கிறாள். நீராடி, உண்டு, அணிந்து விளையாடலாம் என்றும் கூறுகிறாள்.

நீராட்டு, உணவு, அணி ஆகியவை இரு நூல்களுக்கும் பொது. தானம் பாகவதத்தில் உண்டு. மேலே கண்ட பிறந்தநாட் பாசுரங்களில் இல்லை. முத்தொள்ளாயிரத்தில் வேந்தனின் நாளோடு வரும் கொடையும் இங்கு விடுபட்டுள்ளது. வேள்வித்தீயும் புரோகிதரும் இல்லாத இம்மங்கலத்தை நடத்துவோர் தாயும் அவள் அழைத்த மகளிருமே. எது எதற்கு முந்தியது என்பதைவிட, தமிழ்ப் பாசுரம் எதைத் தேர்ந்து நிறுத்தியது என்பதே இங்கு முதன்மையானது.

7. பிள்ளைத்தமிழின் காலக்கணக்கு

பெரியாழ்வார் பாசுரங்களைப் பிள்ளைத்தமிழின் முன்னோடியாகக் கொள்வது ஆய்வுலகில் நிலைபெற்ற கருத்து. ஆயினும் பாட்டியல்கள் வகுத்த பத்துப் பருவங்களுள் பிறந்தநாளுக்கு இடமில்லை. ஐந்தாம் திங்களில் செங்கீரை, ஏழாம் திங்களில் தால், ஒன்பதாம் திங்களில் சப்பாணி எனக் குழந்தை புதிதாகச் செய்யக் கற்பதைக் கொண்டும் அதன் வளர்ச்சியைக் கொண்டும் அவை காலத்தை அளக்கின்றன. இது முன்னோக்கி மட்டும் செல்லும் காலம். பிறந்தநாளோ திரும்பி வரும் காலம். பெரியாழ்வாரிடம் இவ்விரு கணக்குகளும் உடனிருந்தன. பிற்கால இலக்கணம் முதற்கணக்கையே இலக்கிய வகையாக வளர்த்தெடுத்தது. குழந்தையின் பிறந்தநாள் இலக்கண வரையறைக்குள் வராமல் வீட்டு வழக்கமாகவே எஞ்சியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

முடிவுரை

இப்பாசுரங்கள் பத்திமைக் கவிதைகள். இவற்றை அக்கால ஆயர் வாழ்வின் நேரடிப் பதிவாகக் கொள்ள இயலாது. எனினும் தாயின் பேச்சு கேட்போருக்கு இயல்பாகப் பட வேண்டுமாயின், அவள் கூறும் வழக்கம் அவர்கள் அறிந்ததாக இருந்திருத்தல் வேண்டும். அவ்வகையில் குழந்தையின் பிறந்தநாளை வீட்டில் கொண்டாடும் வழக்கம் தமிழ்ச் சூழலுக்குப் புதிதன்று என்பது பெறப்படுகிறது. வேந்தனின் நாண்மங்கலத்தில் காணப்படும் தொழில் விலக்கு, வீட்டை ஆயத்தம் செய்தல், அணி, வாழ்த்து ஆகியவை குழந்தையின் பிறந்தநாளிலும் உள்ளன. நடத்துபவரும் நோக்கமும் மட்டும் மாறியுள்ளன. வேந்தனின் நாள் அவன் கொடுப்பதற்குரிய நாள். குழந்தையின் நாள் அது பெறுவதற்குரிய நாள். அன்று தாய் குழந்தையிடம் எதிர்பார்ப்பது அது வந்து தன்னருகில் இருப்பதை மட்டுமே. தேதியும் பண்டங்களும் மாறிய பின்னும் இவ்வெதிர்பார்ப்பே குழந்தையின் பிறந்தநாளுக்கு உட்பொருளாக நிற்கிறது.