அந்தரத்தில் சுழலும் அச்சு: ஒரு மில்லி விநாடி தாமதித்தால்?

ஐயப்பன்தாங்கல் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இது பழகிய காட்சி. மாடியில் டேங்க் நிரம்பி வழியும். "மோட்டாரை ஆஃப் பண்ணுங்க!" என்று மேலிருந்து குரல் வரும். கீழே இருப்பவர் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் இரண்டு குடம் தண்ணீர் வீணாகிவிடும். தகவல் கிடைத்த பிறகு செயல் நடப்பதற்குள் ஏற்படும் இந்த இடைவெளியைத்தான் கட்டுப்பாட்டுப் பொறியியலில் காலத் தாமதம் என்கிறார்கள். இங்கே தண்ணீரோடு போயிற்று. காந்த பேரிங்கில் இயந்திரமே பழுதாகிவிடும்.

காந்த பேரிங் என்றால் என்ன?

உங்கள் கம்ப்யூட்டரின் கேபினெட் விசிறி சில ஆண்டுகளில் சத்தம் போடத் தொடங்கும். பெரும்பாலும் பேரிங் தேய்ந்ததே காரணம். அச்சை எதுவும் தொடாமல் காந்த விசையால் அந்தரத்தில் நிறுத்தினால் தேய்மானம் இல்லை; எண்ணெயும் தேவையில்லை. ஆனால் நிலைக்காந்தங்களை மட்டும் கொண்டு ஒரு பொருளை இப்படி அசையாமல் நிறுத்த முடியாது என்று எர்ன்ஷா 1842-இலேயே நிரூபித்துவிட்டார்.

எனவே மின்காந்தம், சென்சார், சிப் மூன்றும் சேர்ந்து உழைக்கின்றன. அச்சு எவ்வளவு விலகியது என்று சென்சார் அளக்கிறது. சிப் கணக்கிட்டு மின்னோட்டத்தைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. இது விநாடிக்குப் பல ஆயிரம் முறை நடக்கிறது.

தாமதம் ஏன் ஆபத்து?

நிமிடத்துக்கு 30,000 முறை சுழலும் அச்சுக்கு ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 2 மில்லி விநாடி. கட்டளை 1 மில்லி விநாடி தாமதமானால் அச்சு அரைச் சுற்று போயிருக்கும். ஆட்டத்தை அடக்க வேண்டிய விசையே அதனை அதிகமாக்கிவிடும். மவுஸ் ஒரு விநாடி உறைந்தால் நாம் பொறுத்துக்கொள்வோம். இந்த அச்சு பொறுக்காது.

தாமதத்தை முன்கூட்டியே கணித்துச் செயல்படும் முறையை ஓட்டோ ஸ்மித் 1957-இல் வெளியிட்டார். இயல்பிலேயே நிலையற்ற காந்த பேரிங்குக்கு அது அப்படியே பொருந்தாது. அதற்கேற்ற முறைகளைத் தேடுவதும் இத்துறை ஆராய்ச்சியின் ஒரு பகுதி. நம் நாட்டில் ஐ.ஐ.டி. கவுகாத்தியின் ராஜீவ் திவாரி காந்த பேரிங்குகளை ஆராய்பவர். 2017-இல் வெளியான சுழலிகள் பற்றிய அவரது நூலிலும் இவை இடம்பெற்றுள்ளன.

அதே 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹார்ட்மேட் 3 என்னும் இதயத் துணைப் பம்பின் சுழலியும் காந்த விசையால்தான் மிதக்கிறது. ஆகவே கம்ப்யூட்டர் வேகமாகக் கணக்கிட்டால் மட்டும் போதாது. விடை உரிய நேரத்தில் வர வேண்டும். அங்கே அதனை நம்பி ஓர் உயிர் இருக்கிறது அல்லவா?