தளம் போடும் நாளில் ஆள் ஒற்றுமை

கடை, கிட்டங்கி கட்டும் வணிகர்களாகிய நாம் சிமெண்ட் விலையை விசாரிக்கிறோம். வேலையாட்களின் மனநிலையை விசாரிப்பதில்லை. தண்ணீர் சேர்ந்த சிமெண்ட் 30 நிமிடத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் இறுகத் தொடங்கலாம். எனவே தளம் போடும் நாளில் கலவைச் சட்டி கீழிருந்து மேலே கைமாறிக்கொண்டே இருக்க வேண்டும். கூலித் தகராறில் வரிசை நின்றுபோனால், போட்ட கலவை இறுகிவிடும். புதியது அதோடு சரியாக ஒட்டாது. அந்த இணைப்பில் மழைநீர் இறங்கும். கீழே இருப்பது நம் சர்க்கரை மூட்டை!

நல்ல மேஸ்திரி அதட்டிக்கொண்டிருக்க மாட்டார். களைத்த சித்தாளை இடம் மாற்றி விடுவார், மோர் வரவழைப்பார். (மோருக்குக் கணக்குப் பார்க்கும் முதலாளிகளும் நம்மில் உண்டு.) சனிக்கிழமைக் கூலியில் பாக்கி வைத்தால் திங்களன்று ஆள் குறையும். தளத்தில் குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்ட வேண்டும். அது யார் பொறுப்பு என்பதை முன்னதாகவே மேஸ்திரியுடன் பேசி முடித்துவிடுங்கள்.